ஓர் அம்பும் ஒரு வெடியும்: ஜொகூர்க் காட்டில் மான்வேட்டை

புறநானூற்றின் 152ஆம் பாடலில் புலவர் வன்பரணர் ஒரு வேட்டுவனின் அம்பைப் பின்தொடர்ந்து செல்கிறார். அந்த ஓர் அம்பு யானையை வீழ்த்துகிறது, புலியைத் துளைக்கிறது, புள்ளிமான் கலையை உருட்டுகிறது, காட்டுப்பன்றியைச் சாய்க்கிறது, இறுதியில் புற்றிலிருந்த உடும்பின்மேல் சென்று தைக்கிறது. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் வில்லாற்றலைப் போற்றும் இப்பாடலை உயர்வு நவிற்சிக்குச் சான்றாகக் காட்டிவிட்டு நாம் பெரும்பாலும் கடந்துவிடுகிறோம். ஜொகூரில் இருந்துகொண்டு இதைப் படிப்பவருக்கு வேறொரு வியப்பும் காத்திருக்கிறது. அம்பு கடந்து சென்ற ஐந்தில் யானை, புலி, பன்றி, உடும்பு ஆகிய நான்கின் இனங்களும் நம் எண்டாவ்-ரொம்பின் காட்டில் உண்டு. இல்லாதது புள்ளிமான் ஒன்றுதான். இந்தியத் துணைக்கண்டத்துக்கும் இலங்கைக்கும் உரிய அம்மான் மலாயாத் தீபகற்பத்தில் இயற்கையாக வாழ்ந்ததே இல்லை.

அப்படியானால் ஜொகூர்க் காட்டில் வேட்டையாடப்பட்டது எந்த மான்? எவ்வாறு? எக்கருவி கொண்டு? இவ்வினாக்களுக்கு விடை தேடும்போது, மான்வேட்டையின் வரலாறு ஆயுதங்களின் வரலாறு மட்டுமன்று என்பது புலனாகிறது. வேட்டுவனுக்கு எத்தனை வாய்ப்புகள் கிட்டின என்பதே அவ்வரலாற்றின் மையம் என நாம் கருதுகிறோம். வில்லும், வாய்வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் பழைய துப்பாக்கியும் அவனுக்கு ஒரே ஒரு வாய்ப்பைத்தான் தந்தன. அந்த ஒன்றைத் தவறவிடாதிருக்க அவன் காட்டைக் கற்றாக வேண்டியிருந்தது. வாய்ப்புகள் பெருகப் பெருக அக்கல்வி தேவையற்றதாயிற்று, மானும் குறைந்தது.

முதலில் பெயர்கள். ஜொகூர்க் காட்டின் பெரிய மான் மலாயில் 'ரூசா' எனப்படும். தமிழ்நாட்டார் பலர் இதனைக் கடமான் என்பர். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பகுதியினர் மிளா என்பர். ஈழத்தமிழர் மரை என்பர். முதிர்ந்த ஆண் 150 கிலோவுக்கும் மேல் எடையுள்ளது; கருமை கலந்த பழுப்பு நிறம்; உடலில் புள்ளி இல்லை. இரண்டாவது 'கீஜாங்'. ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள இச்சிறு மான் நாய் குரைப்பதைப் போன்ற ஒலி எழுப்பும். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் இதன் உறவினத்தைத் தமிழர் கேளையாடு என அழைத்தனர். மூன்றாவது 'பெலாண்டோக்'. கதைகளில் 'சாங் கஞ்சில்' என்னும் பெயரோடு முதலையையும் புலியையும் ஏமாற்றும் சருகுமான் இதுவே. எடை இரண்டு கிலோவை ஒட்டியது, கொம்பில்லை, விலங்கியலார் இதனை மான் குடும்பத்தில் சேர்ப்பதுமில்லை. சற்றே பெரிய 'நாப்போ' இதன் உறவினம்.

தொல்காப்பிய மரபியலைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இங்குச் சற்று நிற்கலாம். புல்வாய், நவ்வி, உழை என மான் வகைகளை வேறுபடுத்தி, ஆணுக்கு இரலை, கலை என்றும், பெண்ணுக்குப் பிணை என்றும், குட்டிக்கு மறி என்றும் எப்பெயர் எவ்வகைக்கு உரியது என்பதை அந்நூல் வரையறுக்கிறது. இத்தகைய வரையறை இலக்கணப் புலவரின் கற்பனையில் மட்டும் தோன்றியிருக்க இயலாது. தொலைவில் நிற்பது ஆணா பெண்ணா, குட்டியோடு நிற்கிறதா என்று ஒரு நொடியில் பிரித்தறிந்தவர்களின் சொற்கள் இவை. இன்று நம் மாணவர்க்கு எல்லாமே மான்தான்.

வேட்டுவர் நாளைக் கழித்த முறையைப் பத்துப்பாட்டு நுணுக்கமாகவே காட்டுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் எயினர் பகலில் நாய்களோடு சென்று வேலிகளில் வலைகட்டி முயல் பிடிக்கின்றனர். இரவிலோ மானின் அடிச்சுவடு பதிந்த வழியருகே குழி தோண்டி, அதனுள் ஒடுங்கி, நீர் அருந்த வரும் பன்றிக்காக நள்ளிரவில் காத்திருக்கின்றனர். மலைபடுகடாம் 'அடார்' எனப்படும் கற்பொறியைச் சொல்கிறது. ஆக, வில்லைப் பாடிய அதே இலக்கியம் வலையையும் குழியையும் பொறியையும் மறைக்கவில்லை. புகழ் வில்லுக்குச் சென்றது. உணவு பெரும்பாலும் மற்றவற்றிலிருந்து வந்திருக்கும் என்பது நம் ஊகம்.

மலாயாவிலும் நிலைமை பெரிதும் இதுவே. மலாக்காவின் தோற்றக் கதையே ஒரு வேட்டையில்தான் தொடங்குகிறது. மன்னர் மரத்தடியில் நிற்க, அவருடைய வேட்டை நாயை ஒரு வெண்ணிறச் சருகுமான் உதைத்து நீரில் தள்ளியதாகவும், அவ்வீரம் கண்டு அவர் அங்கேயே நகர் அமைத்ததாகவும் மலாய் வரலாற்றுநூலான 'செஜாரா மெலாயு' கூறும். 1511இல் மலாக்கா போர்த்துக்கீசியர் வசமான பின், அம்மன்னர் மரபினரே ஜொகூர் அரசை நிறுவினர். ஆயினும் ஊர்மக்களின் மான்வேட்டை அரசர் கதைகளைப் போல் அமைந்ததன்று. அது கூட்டுத்தொழில். நீண்ட பிரம்புக் கயிற்றில் வரிசையாகச் சுருக்குகளைத் தொங்கவிட்டு மரத்துக்கு மரம் கட்டிவைப்பர். ஒரு சாரார் நாய்களோடு காட்டைக் கலைத்து மானை அத்திசை நோக்கி விரட்டுவர். சுருக்கில் சிக்கியதை ஈட்டியால் முடிப்பர். வேட்டை தொடங்குமுன் 'பாவாங்' எனப்படும் மந்திரக்காரர் காட்டுத் தெய்வங்களிடம் ஒப்புதல் கேட்பார். கொல்லப்பட்ட மானின் உடலில் 'பாடி' என்னும் தீய ஆற்றல் ஒட்டியிருப்பதாக நம்பி, அதனையும் அவரே நீக்குவார். இச்சடங்குகளை ஸ்கீட் என்னும் ஆங்கிலேய அலுவலர் 1900இல் வெளியிட்ட மலாய் மந்திர மரபு பற்றிய நூலில் விரிவாகப் பதிந்துள்ளார். மான் முன்னொரு காலத்தில் காலில் புண்பட்ட மனிதனாக இருந்தது என்னும் நம்பிக்கையும் அதில் உண்டு. கொல்லப்போகும் விலங்கை முன்னாள் மனிதன் என எண்ணியவர், அதனிடம் ஒருவகைக் கடன்பட்டவராகவே காட்டுக்குள் நுழைந்திருப்பார்.

சுருக்கு மலாய் மொழிக்குள்ளும் ஆழப் பதிந்துள்ளது. சருகுமான் சுருக்கை மறக்கலாம், சுருக்கு சருகுமானை மறப்பதில்லை என்னும் பொருள்பட ஒரு பழமொழி உண்டு. திகைத்து விழிப்பவரை ஊருக்குள் புகுந்த ரூசா என்பர். வில்லைப் பற்றி இவ்வளவு பரவலான வழக்கு மலாயில் உள்ளதாக நமக்குத் தெரியவில்லை.

வில் எங்கே போயிற்று? தீபகற்பத்தின் வடபகுதியில் வாழ்ந்த செமாங் மக்களிடம் அது இருந்தது. ஸ்கீட்டும் பிளாக்டனும் 1906இல் வெளியிட்ட பூர்வகுடியினர் பற்றிய பெருநூல் வில்லைச் செமாங் மக்களுக்கு உரிய கருவியாகவே காட்டுகிறது. நஞ்சு தோய்த்த அம்பினால் அவர்கள் தரைவாழ் விலங்குகளை எய்தனர். தெற்கே, ஜொகூரின் ஜாக்கூன் மக்கள் உள்ளிட்ட பிறரிடம் பெயர்பெற்றது 'சும்பிட்' என்னும் ஊதுகுழல். இதன் சிற்றம்பில் பூசப்படும் இப்போ மரப்பாலின் நஞ்சு இதயத்தை நிறுத்தும். ஆயினும் ஊதுகுழல் மானுக்குரிய கருவியன்று. மரக்கிளையில் இருக்கும் குரங்கு, அணில், பறவை ஆகியவற்றுக்கே அது ஏற்றது. மானுக்கும் பன்றிக்கும் ஈட்டி, நாய், சுருக்கு, 'பெலாந்திக்' ஆகியவை பயன்பட்டன. பெலாந்திக் என்பது வளைத்துக் கட்டிய கழியின் விசையால் ஈட்டியைப் பாய்ச்சும் பொறி. வழியின் குறுக்கே கட்டிய கயிற்றை மான் இடறினால் ஈட்டி பாயும். மனிதன் இடறினாலும் பாயும். இதனை அறிவுக்கூர்மையுள்ள கருவி என்று போற்றுவோர் இந்த இரண்டாம் பகுதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வில் எய்யத் தொடங்கும் இளைஞன் எதைக் கற்றான்? இலக்கைக் குறிபார்ப்பது கல்வியின் சிறு பகுதியே. அடர்ந்த மழைக்காட்டில் முப்பது அடிகளுக்கு அப்பால் உள்ளது கண்ணில் படாது. படுவதற்குள் மான் மோப்பத்தால் அவனை அறிந்துவிடும். எனவே முதற்பாடம் காற்று. அது எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசை நோக்கியே நடக்க வேண்டும். இரண்டாவது நேரம். பொழுது புலரும் வேளையும் மங்கும் வேளையும் மான் மேய வெளிப்படும் காலங்கள். மூன்றாவது இடம். பெருங்காட்டின் நடுவில் மானுக்குப் புல் குறைவு. ஆற்றங்கரையும், கைவிடப்பட்ட விளைநிலத்தில் முளைத்த இளங்காடும், எரிந்த லாலான் புல்வெளியில் எழும் புதுத்தளிரும், உவர்மண் கிடைக்கும் உப்புநிலமும் அது தேடிவரும் இடங்கள். நான்காவது தடம். குளம்படியின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, மழைத்துளி விழுந்து மழுங்கியிருக்கிறதா என்பதிலிருந்து மான் சென்று எவ்வளவு நேரமாயிற்று எனக் கணிப்பான். அம்பு தைத்த பின்னும் பாடம் முடிவதில்லை. மான் உடனே விழாது. பதற்றத்துடன் துரத்தினால் அது மேலும் ஓடி மறையும். பொறுத்திருந்து குருதித்துளிகளைப் பின்பற்ற வேண்டும். சருகுமானுக்குத் தனி உத்தி ஒன்றிருந்தது. ஆண் சருகுமான் காலால் தரையைத் தட்டும் ஒலியைப் போலவே மலாய் வேட்டுவர் கோலால் உலர்ந்த இலைகளைத் தட்டுவர். அது ஏமாந்து அருகில் வந்துவிடும். கதைகளில் அனைவரையும் ஏமாற்றும் கஞ்சில் காட்டில் ஏமாறும் இடம் இது.

காட்டில் பெயர் சொல்வதற்கும் நெறி இருந்தது. கற்பூரம் தேடிச் செல்லும் ஜொகூர் ஜாக்கூன் மக்கள், காட்டில் இருக்கும் நாள்கள் முழுதும் அன்றாடச் சொற்களை விலக்கி, விலங்குகளையும் பொருள்களையும் வேறு பெயர்களால் சுட்டும் தனிமொழி ஒன்றைப் பேசினர். 1890களில் அம்மொழியின் சொற்கள் திரட்டப்பட்டன. இது வேட்டைக்கென ஏற்பட்டதன்று. என்றாலும், காட்டில் ஒரு விலங்கின் பெயர் வெறும் அடையாளச் சொல்லாக இருக்கவில்லை என்பதற்குச் சான்றாகிறது.

இனித் துப்பாக்கி. அதன் பெயர்களே வரலாற்றைச் சொல்கின்றன. மலாயில் துப்பாக்கிக்குப் பழம்பெயர் 'பெடில்'. இது தமிழின் 'வெடில்' என்னும் சொல்லிலிருந்து சென்றது என்று கருதுவோர் உளர். வெடியுப்பு என்னும் நம் சொல்லை இங்கு நினைவுகொள்ளலாம். வெடிப்பொடியை மலாய்க்காரர் 'ஊபாட் பெடில்' என்பர்; ஊபாட் என்றால் மருந்து. நாமும் அதனைத் துப்பாக்கி மருந்து என்றே வழங்குகிறோம். நோய் தீர்ப்பதற்கும் உயிர் போக்குவதற்கும் ஒரே சொல்லை இரு மொழிகளும் தேர்ந்துகொண்டது தற்செயலா, பழகியதால் வந்த ஒற்றுமையா என்பதை மொழியியலாளர்தாம் ஆராய வேண்டும். திரியால் பற்றவைக்கும் துப்பாக்கிக்கு மலாய்ப் பெயரான 'இஸ்திங்கார்' போர்த்துக்கீசியச் சொல்லின் மரூஉ. 'செனாப்பாங்' டச்சுச் சொல்லின் மரூஉ. நம் 'துப்பாக்கி' துருக்கிய மூலமுடையது. வந்தவர் எல்லாரும் ஒரு சொல்லையும் விட்டுச் சென்றனர்.

வாய்வழி மருந்திடும் துப்பாக்கி 'செனாப்பாங் லாந்தாக்' எனப்பட்டது. லாந்தாக் என்றால் கெட்டித்து இடித்தல். ஈழத்தில் அத்தகைய துப்பாக்கிக்கு 'இடியன்' என்னும் வழக்கு இருப்பது ஒப்புநோக்கத்தக்கது. இதனைப் பயன்படுத்தத் தொடங்குபவன் முதலில் கற்றது சுடுவதையன்று, நிரப்புவதை. அளந்த மருந்தைக் குழலின் வாயில் கொட்டி, அதன்மேல் நார் அல்லது துணியடைப்பு வைத்து, குண்டை இட்டு, நீண்ட கோலால் இடித்து இறுக்க வேண்டும். இறுக்கம் குறைந்து குண்டுக்கும் மருந்துக்கும் இடையே வெற்றிடம் இருந்தால் குழலே வெடிக்கக்கூடும். மருந்து மிகுந்தாலும் கேடு. பின்னர்ப் பக்கவாட்டில் பற்றுமருந்து வைக்க வேண்டும். திரித்துப்பாக்கியாயின் புகையும் திரியின் நாற்றமும் கங்கின் ஒளியும் வேட்டுவனைக் காட்டிக்கொடுக்கும். கல்லால் பொறியெழுப்பும் துப்பாக்கியில், விசையை இழுத்ததற்கும் குண்டு வெளிப்படுவதற்கும் இடையில் ஒரு கணம் உண்டு. அக்கணத்தில் மான் தாவிவிடும். இவை அனைத்தும் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழைபெறும் நாட்டில்! வடகிழக்குப் பருவமழையில் ஜொகூரின் கிழக்குக் கரையில் பற்றுமருந்தை உலர வைத்திருப்பதே ஒரு கலையாக இருந்திருக்கும். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பரவிய தட்டுத்தொப்பி முறை அந்த ஈரத்தை ஓரளவு வென்றது. ஒரே வெடி என்னும் எல்லையை மட்டும் அது நீக்கவில்லை. தவறினால் புகைமூட்டத்துக்குள் நின்றபடி மீண்டும் இடிக்க வேண்டும். அதற்குள் காட்டில் மான் இராது.

ஆகவே வில்லிலிருந்து இப்பழந்துப்பாக்கிக்கு மாறியவன் தன் காட்டறிவைக் கைவிட இயலவில்லை. காற்றும் நேரமும் இடமும் தடமும் அவனுக்கும் வேண்டியிருந்தன. பெரும் பிளவு அதன் பின்னரே நிகழ்ந்தது. மலாய்ச் சொல் அதனையும் பதிந்திருக்கிறது: 'செனாப்பாங் பாத்தா', அதாவது மடங்கும் துப்பாக்கி. குழலை மடக்கி, தோட்டாவைச் செருகி, நிமிர்த்திச் சுடலாம். மழை அஞ்சத்தக்கதன்று, இரண்டாம் வெடிக்கு நொடிகளே போதும்.

இது பரவிய காலமும் ஜொகூரின் காடு பால்மரத் தோட்டமாக மாறிய காலமும் ஒன்று. 1909இல் தொடர்வண்டிப் பாதை ஜொகூரை ஊடுருவியது. தாழ்நிலக் காடுகள் அழிந்து பால்மரங்கள் நின்றன. அவற்றை நட்டவர்களிலும் சீவியவர்களிலும் நம் முன்னோர் பெருந்தொகையினர். காட்டோரத்து இளங்கன்றுகளின் தளிரையும் பட்டையையும் மான் தேடி வந்தது. வேட்டைக்குரிய விலங்கு பயிர்ப்பகையாகவும் ஆயிற்று. பயிரைக் காக்கத் துப்பாக்கி வைத்திருப்பவன் இறைச்சிக்காகச் சுடுகிறானா, பயிருக்காகச் சுடுகிறானா என்று யார் பிரித்தறிவது? ஒளிவிளக்கு வந்தபின் இரவும் பாதுகாப்பாக இல்லை. விளக்கொளி கண்ணில் பட்டால் மான் அசையாது நின்றுவிடும். வன்பரணர் பாடிய வேட்டுவனுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஆளுவோரின் வேட்டை வேறொரு தனிக்கதை. 1895 முதல் 1959 வரை ஜொகூரை ஆண்ட சுல்தான் இப்ராகிம் புலிவேட்டையில் பெயர்பெற்றவர். அதனை விரிப்பதற்கு இங்கு இடமில்லை. நமக்கு வேண்டியவர் தியோடர் ஹப்பாக். யானையையும் காட்டெருதையும் வேட்டையாடி 1905இல் நூல் எழுதிய அதே மனிதர், பின்னர் மலாயாவின் வனவிலங்கு ஆணையத்துக்குப் பொறுப்பேற்று, பல இடங்களில் சாட்சியம் திரட்டி, 1932இல் மூன்று தொகுதிகளாக அறிக்கை வெளியிட்டார். இன்றைய தாமான் நெகாரா அவருடைய நெடுநாள் வற்புறுத்தலின் பயன். வேட்டுவனே காவலனாக மாறியதை முரண் என்பர் சிலர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. தடம் பார்த்துப் பழகியவனுக்கே தடங்கள் குறைவது முதலில் தெரியும்.

அக்காலத்தைப் புகழ்ந்துகொண்டே செல்வதும் நேர்மையன்று. சுருக்குக்கயிறு ஒரே நாளில் பல மான்களை, சினையுற்றதென்றும் மறி என்றும் பாராமல் பிடித்தது. அதே சுருக்கு இன்று கம்பியால் ஆகி, மானோடு புலியின் காலையும் அறுக்கிறது. பழங்கருவி அனைத்தும் இயற்கையோடு இயைந்தவை என்று மேடைகளில் சொல்லப்படுவதை நாம் ஏற்பதற்கில்லை. வில்லும் இடிதுப்பாக்கியும் மானுக்கு இடம் விட்டன, கண்ணி விடவில்லை. இவ்வேறுபாட்டை மாணவர் அறிதல் வேண்டும்.

சட்டம் மெல்ல மெல்ல இறுகியது. 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் உரிமமின்றித் துப்பாக்கி ஏந்துவது மரணதண்டனைக்குரிய குற்றமாயிற்று. காடு வேட்டுவனுக்கு மூடப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உரிமத்தோடு மான்வேட்டையை ஒழுங்குபடுத்தியது. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பேணல் சட்டம் தண்டனைகளைப் பெரிதும் உயர்த்தியது. கண்ணி வைத்திருப்பதே குற்றம். பூர்வகுடியினர் பட்டியலிடப்பட்ட சில விலங்குகளைத் தம் உணவுக்காக மட்டும் வேட்டையாட அது இடமளிக்கிறது. இதற்கு முன்னரே, 2009இல், தீபகற்பத்தில் ரூசாவுக்கும் கீஜாங்குக்கும் வேட்டை உரிமம் வழங்குவது நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. மானுக்காக மட்டும் எடுத்த முடிவன்று அது. ரூசா புலியின் தலையாய இரை. மலேசியாவின் காடுகளில் எஞ்சியுள்ள புலிகள் 150க்கும் குறைவு என மதிப்பிடப்பட்டுள்ளது. கண்ணியிலிருந்து தப்பும் புலிக்கும் உண்ண மான் வேண்டும்.

ஜொகூர் தன் பகுதியிலுள்ள எண்டாவ்-ரொம்பின் காட்டை 1993இல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. குளுவாங் வழியாகக் காஹாங்கைக் கடந்து செல்லும் மண்சாலை கம்போங் பேத்தாவில் முடிகிறது. ஜாக்கூன் மக்களின் ஊர் அது. பூங்காவின் கல்வி மையத்துக்கு வரும் பள்ளி மாணவர்களைக் காட்டுக்குள் அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளில் அவ்வூராரும் உளர். ஆற்றோரச் சேற்றில் பதிந்த குளம்படியைக் காட்டி, விளிம்பு இன்னும் கூர்மையாக இருப்பதை அவர்கள் சுட்டுவார்கள். ரூசா என்பார்கள். உடன் செல்லும் தமிழாசிரியர் அவ்விடத்தில் மாணவர்க்கு மிளா, கடமான், மரை என்னும் மூன்று பெயர்களையும் சொல்லலாம்.